காவல் பக்கம் வைத்த மாலாக்: எல்லை மீறலை அந்த வரியிலேயே பிடிக்க

26 இன்ட் கொள்ளும் ஓர் அரே. மொத்தம் 104 பைட். அதை நிரப்பும் லூப்பில் "சிறியது" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சிறியது அல்லது சமம்" என்று விழுந்துவிட்டது. 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சியின் (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) மாலாக்கிடம் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) 104 கேட்டால் சரியாக 104 பைட்தான் நம் கைக்கு வரும். அதை ஒட்டிய அடுத்த 8 பைட்டில் பக்கத்துத் துண்டின் அளவு எழுதப்பட்டிருக்கும். 27ஆவது இன்ட் அந்த அளவின் தலையில் போய் விழும். அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷன், வாங்கிய இடத்தைத் திருப்பித் தரும் ஃப்ரீயை அழைக்கும்போது புரோகிராம் அபார்ட் ஆகும். பக்கத்தில் இருந்தது டாப் துண்டு (இன்னும் யாருக்கும் கொடுக்காத மீதி இடம்) என்றால் பிறகு வரும் ஏதாவது ஒரு மாலாக் "கரப்டட் டாப் சைஸ்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சாகும். குத்து விழுந்த இடம் ஒன்று, பிணம் கிடக்கும் இடம் வேறு.

அதே பிழை 25 இன்ட் அரேயில் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் எதுவுமே நடக்காது. 100 கேட்டாலும் ஜிலிப்சி 104 தான் கொடுக்கும். தாண்டி எழுதிய 4 பைட்டும் அந்த உபரிக்குள் அடங்கிவிடும். யாரோ அரேயை 26 ஆக்கும் நாள்வரை பிழை தூங்கிக்கொண்டிருக்கும்.

இதைப் பிடிக்க இங்கே கட்டுவது ஒரு சிறிய ஷேர்டு லைப்ரரி. மாலாக் குடும்பம் முழுவதையும் நாமே கொடுக்கிறோம். ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கத்தின் (கர்னல் நினைவகத்தைக் கையாளும் அலகு, வழக்கமாக 4096 பைட்) கடைசி விளிம்பில் உட்காரவைத்து, அடுத்த பக்கத்தைத் தொடவே முடியாதபடி பூட்டிவிடுகிறோம். அப்படிப் பூட்டியதுதான் காவல் பக்கம். எல்லை தாண்டிய அந்த இன்ஸ்ட்ரக்ஷனிலேயே சிபியு ஃபால்ட் எழுப்பும். யோசனை பழசு: ப்ரூஸ் பெரன்ஸ் 1987இல் எழுதிய எலக்ட்ரிக் ஃபென்ஸ் இதைத்தான் செய்தது. லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே 5.12 பதிப்பு முதல் (2021) கேஃபென்ஸ் என்ற பெயரில், எல்லாத் துண்டுகளுக்கும் இல்லாமல் சாம்பிள் எடுத்து, இதே வேலி போடப்படுகிறது. இதே வகைப் பிழைகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதியான அட்ரஸ் சானிட்டைசர் இருக்கும்போது இது எதற்கு என்றால், அதற்கு எல்லாவற்றையும் திரும்ப கம்பைல் செய்ய வேண்டும். சோர்ஸ் இல்லாத லைப்ரரி நடுவில் இருந்தால் இந்த வழிதான் கைகொடுக்கும்.

தேவையானவை: எக்ஸ்86-64 லினக்ஸ், ஜிசிசி, ஒரே ஒரு சி ஃபைல். கம்பைல் செய்யும்போது ஷேர்டு, ஃபிக் கொடிகளோடு, மாலாக் பில்டின்களை அணைக்கும் கொடியையும் மறக்காமல் கொடுக்க வேண்டும். பூஜ்யமாக்கிய இடம் தரும் கேலாக்கை "மாலாக் செய்து மெம்செட் செய்" என்று எழுதினால், ஜிசிசி அந்த ஜோடியைப் பார்த்து "இது கேலாக் அல்லவா" என்று தானாக மாற்றிவிடும். கேலாக் தன்னையே அழைத்து ஸ்டாக் தீரும்வரை ஓடும்.

முதலில் நிலம்

புரோகிராம் தொடங்கியதும் 64 ஜிபி முகவரி இடத்தை ஒரே எம்மேப்பில் (கர்னலிடம் முகவரி இடம் கேட்கும் அழைப்பு) வளைத்துப்போடுகிறோம். பிராட் நன் பாதுகாப்பு, அதாவது படிக்கவோ எழுதவோ அனுமதி இல்லை. மேப் பிரைவேட், மேப் அனானிமஸ், மேப் நோரிசர்வ் கொடிகள். 64 ஜிபி என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு ப்ராசஸின் பங்கு 128 டிபி; இதில் ஒரு பைட் ரேம்கூட இன்னும் செலவாகவில்லை, காகிதத்தில் பட்டா மட்டும் போட்டிருக்கிறோம். நோரிசர்வ் கொடி பின்னால் வேறொரு காரணத்துக்கும் தேவைப்படும். ஷெல்லில் விர்ச்சுவல் மெமரிக்கு யூலிமிட் போட்டிருந்தால் மட்டும் எம்மேப் இங்கேயே தோற்கும், பிராட் நன் இடமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால்.

எம்மேப் தோற்றால் திருப்புவது மேப் ஃபெயில்டு, அதாவது மைனஸ் ஒன்று. நல் (பூஜ்ய முகவரி) அல்ல. "நல்லா?" என்று மட்டும் சோதிக்கும் கோடு இன்றைக்கும் நிறைய உலவுகிறது, அது தோல்வியைக் கவனிக்காமல் தாண்டிப்போய் அடுத்த வரியில் விழும்.

இரண்டாவது எம்மேப் கணக்குப் புத்தகத்துக்கு. 64 ஜிபியை 4096ஆல் வகுத்தால் 1,67,77,216 பக்கம். பக்கத்துக்கு 24 பைட் பதிவு: கேட்ட அளவு, மாலாக்கை அழைத்த முகவரி, ஃப்ரீயை அழைத்த முகவரி. மொத்தம் 384 எம்பி விர்ச்சுவல், தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே ரேம். இந்தப் புத்தகத்தைத் துண்டுகளுக்கு முன்னாலோ பின்னாலோ ஹெட்டராக வைக்கக் கூடாது. பிழையுள்ள புரோகிராம் முதலில் அழிப்பது அதைத்தான். அப்புறம் அறிக்கையை நம்பவே முடியாது.

பக்க அளவை 4096 என்று கோடில் எழுதிவிட வேண்டாம், சிஸ்கான்ஃப் மூலம் கேட்டு வாங்கவும். ராஸ்பெர்ரி பை 5இன் வழக்கமான கர்னலில் பக்கம் 16 கேபி. பக்கங்களின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட்டுக்குக் கொடுக்கும் முகவரி பக்க எல்லையில் இல்லாவிட்டால் ஈஇன்வால் (தவறான உள்ளீடு) பிழைதான் திரும்பும். நீளம் பரவாயில்லை, கர்னலே மேல்நோக்கி முழுப்பக்கமாக்கிக்கொள்ளும். முகவரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இவை எதையும் கன்ஸ்ட்ரக்டர் ஃபங்ஷனில் வைக்கக் கூடாது. நம் கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதற்கு முன்பே டைனமிக் லிங்கர் நம் மாலாக்கை அழைத்துவிடக்கூடும். முதல் மாலாக்கில் "நிலம் இருக்கிறதா?" என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே வாங்குவது சரி. த்ரெட் லோக்கல் மாறிகளும் வேண்டாம். அவற்றுக்கு இடம் ஒதுக்கவே ஒரு மாலாக் கிளம்பலாம்.

துண்டை விளிம்பில் உட்காரவைத்தல்

104 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 16இன் மடங்காக்கினால் 112. அதற்கு ஒரு பக்கம் போதும். 4096இலிருந்து 112 போனால் 3984. பாயிண்டர் பக்கத்தின் 3984ஆவது பைட்டில் நிற்கும். துண்டு 4087இல் முடியும். 5000 கேட்டால் 5008, இரண்டு பக்கம், 8192 கழித்தல் 5008, அதாவது 3184. எத்தனை பக்கத் துண்டானாலும் பாயிண்டர் முதல் பக்கத்துக்குள்தான் விழும், ஆகவே ஃப்ரீ வரும்போது முகவரியிலிருந்து நிலத்தின் தொடக்கத்தைக் கழித்துப் பக்க அளவால் வகுத்தால் நேராகப் பதிவின் எண் வந்துவிடும்.

ஒரு துண்டுக்குச் செய்வது இவ்வளவுதான்: "அடுத்த காலி பக்கம்" என்ற எண்ணில் (தரவுப் பக்கங்கள் கூட்டல் ஒன்று) என்று ஓர் அட்டாமிக் கூட்டல், தரவுப் பக்கங்களுக்கு மட்டும் எம்ப்ரொடெக்ட்டால் படிக்க, எழுத அனுமதி, பதிவில் மூன்று எண். காவல் பக்கத்துக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை. அது பிறந்ததே பூட்டோடு. ம்யூடெக்ஸ் இல்லை என்பதால் பல த்ரெட் உள்ள புரோகிராம் ஃபோர்க் செய்யும்போது பூட்டு மாட்டிக்கொள்ளும் வழக்கமான தலைவலியும் இல்லை.

புதுப் பக்கம் கர்னலிடமிருந்து பூஜ்யமாகத்தான் வரும். கேலாக்குக்கு அது லாபம். மாலாக்குக்கோ அது பிழையை மறைக்கும், ஏனென்றால் இனிஷியலைஸ் செய்யாமல் படிப்பவர்களுக்கு எப்போதும் பூஜ்யம் கிடைத்து எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் மாலாக்கில் பயனர் பகுதியை 165 போன்ற ஓர் அபத்தமான பைட்டால் நிரப்பிவிடவும்.

அந்த 8 பைட் ஓட்டை

மேலே உள்ள கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. துண்டு 4087இல் முடிகிறது, பூட்டிய பக்கம் 4096இல் தொடங்குகிறது. நடுவில் 8 பைட். நம் 27ஆவது இன்ட் 4088 முதல் 4091 வரை எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விடும். எதைப் பிடிக்கக் கிளம்பினோமோ அதே பிழை தப்பிவிட்டது. இந்த மாதிரி லைப்ரரியை எழுதுபவர்கள் முதல் சோதனையிலேயே திகைத்துப் போகும் இடம் இது.

காரணம் 16 பைட் அலைன்மென்ட். எக்ஸ்86-64இல் மாலாக் தருவது 16இன் மடங்காக இருக்க வேண்டும் என்று கம்பைலர் நம்புகிறது, அந்த நம்பிக்கையில் மூவாப்ஸ் போன்ற எஸ்எஸ்இ இன்ஸ்ட்ரக்ஷன்களைப் போடுகிறது.

முதல் தீர்வு உபரியை 165ஆல் நிரப்பி, ஃப்ரீ வரும்போது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. பிழை இருப்பது தெரியும், எந்த வரி என்பது தெரியாது. ஃப்ரீயே செய்யாத துண்டென்றால் அதுவும் தெரியாது. துண்டுக்கு முன்னால் இருக்கும் பகுதிக்கும் இதையே செய்யலாம். பின்னோக்கி வழிவது அங்கே பிடிபடும்.

இரண்டாவது தீர்வு கூர்மையானது. 16 என்று பிடிவாதம் பிடிக்காமல், கேட்ட அளவை மீதியின்றி வகுக்கும் இரண்டின் மிகப்பெரிய அடுக்கை, 16க்கு மேற்படாமல், அலைன்மென்ட்டாக எடுத்துக்கொள்வது. 104 என்பது 8 பெருக்கல் 13. ஆகவே அலைன்மென்ட் 8, பாயிண்டர் 3992, துண்டு மிகச்சரியாக 4095இல் முடியும், உபரி பூஜ்யம். 100 என்றால் அலைன்மென்ட் 4, பாயிண்டர் 3996. 104 பைட் அரேயின் 27ஆவது இன்ட் 4096இல் கை வைக்கும், அந்த இடத்திலேயே மாட்டும்.

இது எப்படிப் பாதுகாப்பு? சி மொழியில் எந்த டைப்பின் சைஸ்ஆஃபும் அந்த டைப்பின் அலைன்மென்ட்டுக்கு மடங்காகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் அரேயின் இரண்டாவது உறுப்பு கோணிக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு டைப்பின் சில எண்ணிக்கைக்கு இடம் கேட்கும் எந்த மாலாக்குக்கும் இந்தக் கணக்கு தரும் அலைன்மென்ட் போதுமானதாகவே இருக்கும்.

உடையும் இடங்களும் உண்டு. ஸ்ட்ரக்டின் வாலில் சரத்தை ஒட்டிவைத்து மொத்தமாக 13, 21 என்று ஒற்றைப்படையில் கேட்கும் கோடு. பாயிண்டரின் கடைசி மூன்று பிட்டில் டேக் ஒளித்துவைக்கும் இன்டர்பிரட்டர்கள். வாங்கிய துண்டைத் தானே கூறுபோட்டு விற்கும் பூல் அலக்கேட்டர்கள். முதல் வகைக்கு எக்ஸ்86 பெரும்பாலும் மன்னித்துவிடும், மூவாப்ஸ் மன்னிக்காது. அதனால் கூர்மையான முறையை என்விரான்மென்ட் மாறி ஒன்றால் இயக்குவதும், இயல்பாக 16ஐ வைத்துக்கொள்வதும் நல்லது. எங்கள் பார்வையில், பிழை தேடும் நேரத்தில் முதலில் கூர்மையான முறையில் ஓட்டிப் பார்த்து, அது தானாகவே விழுந்தால் மட்டும் 8க்கும் பிறகு 16க்கும் இறங்குவதே வேகம்.

ஸ்டிரிங் ஃபங்ஷன்கள் பொய்யாகக் கத்தவைக்குமோ என்ற சந்தேகம் எழும். ஜிலிப்சியின் ஸ்ட்ரலென் ஒரே மூச்சில் 32 பைட் படிக்கும்தான். ஆனால் சரம் முடியும் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைத் தொடாதபடிதான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஃபால்ட் வந்தால் நல் முடிவு இல்லாத சரம் என்றே பொருள்.

ஃப்ரீ: எம்ப்ரொடெக்ட் போதாது

ஃப்ரீ ஆன துண்டை யாராவது தொட்டால் அதுவும் ஃபால்ட் ஆக வேண்டும். கைக்கு முதலில் வருவது, தரவுப் பக்கங்களை எம்ப்ரொடெக்ட்டால் திரும்பப் பிராட் நன் ஆக்குவது. சோதனையில் வேலை செய்யும். உண்மையான புரோகிராமில் இரண்டு விதமாகக் காலை வாரும்.

ஒன்று, எம்ப்ரொடெக்ட் அனுமதியை மட்டும்தான் எடுக்கும், ரேமை எடுக்காது. பூட்டிய வீட்டுக்குள் சாமான் அப்படியே இருக்கும். ஒரு முகவரியை மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லை என்று நாம் முடிவு செய்திருப்பதால், ஓட ஓட ரேம் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது விஎம்ஏ எண்ணிக்கை. ஒரே அனுமதி உள்ள தொடர்ச்சியான முகவரிப் பகுதியைக் கர்னல் ஒரு விஎம்ஏவாக வைத்துக்கொள்கிறது. ப்ராக் அடைவில் ப்ராசஸின் மேப்ஸ் ஃபைலில் தெரியும் ஒவ்வொரு வரியும் ஒரு விஎம்ஏ. பூட்டிய பெரிய நிலத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது மூன்றாக உடையும். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக இரண்டு விஎம்ஏ: தரவு ஒன்று, காவல் ஒன்று. திரும்பப் பூட்டினால் அக்கம்பக்கத்தோடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? முழுதாக ஒட்டாது. ஒருமுறை எழுதப்பட்ட அனானிமஸ் பகுதிக்கு, அதன் பக்கங்களைப் பின்னோக்கித் தேடுவதற்கென்று கர்னல் அனான் விஎம்ஏ என்ற ஒரு பதிவைக் கட்டிவிடுகிறது. வெவ்வேறு பதிவு உள்ள இரண்டு பகுதிகள், அனுமதி ஒன்றேயானாலும், ஒட்டாது. பத்தாயிரம் துண்டு ஒரே நேரத்தில் உயிரோடிருந்து பிறகு எல்லாம் ஃப்ரீ ஆனாலும் மேப்ஸ் ஃபைல் பழைய நீளத்துக்குத் திரும்பாது. எவ்வளவு எஞ்சும் என்பது கர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: ஃப்ரீயில் அதே முகவரியின் மேல், மேப் ஃபிக்ஸ்டு கொடியோடு, முதலில் நிலம் வாங்கிய அதே கொடிகளும் பிராட் நன்னும் வைத்துப் புதிய எம்மேப். பழைய பக்கங்களின் ரேம் உடனே திரும்பிவிடும். புதிய பகுதிக்கு அனான் விஎம்ஏ கிடையாது, ஆகவே இரண்டு பக்கமும் உள்ள காவல் பக்கங்களோடு ஒட்டிக்கொள்ளும். நோரிசர்வ் இங்கேதான் உதவுகிறது. அது இல்லாமல் வாங்கிய நிலத்தில் எழுத அனுமதி கொடுத்தால் கர்னல் அந்தப் பகுதியைக் கமிட் கணக்கில் (தருவதாக ஒப்புக்கொண்ட மெமரி) சேர்த்து, அதற்கென ஒரு கொடியைக் குத்திவிடும். எம்ப்ரொடெக்ட்டால் பிறகு பூட்டினாலும் அந்தக் கொடி போகாது, கொடி வேறானால் ஒட்டாது.

மேப் ஃபிக்ஸ்டைக் கையாளும்போது நிதானம் தேவை. அந்த முகவரியில் ஏற்கெனவே என்ன இருந்தாலும், லிப்சியின் கோடே ஆனாலும், ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் துடைத்துவிட்டு உட்காரும். பதிவைப் பார்த்து, பாயிண்டர் நாம் கொடுத்த அதே எண்தான் என்று உறுதியான பிறகே இதை அழைக்கவும். 4.17 கர்னலில் வந்த ஃபிக்ஸ்டு நோரீப்ளேஸ், காலி இடத்தில் மட்டும் உட்காரும் நாகரிகமான தம்பி. ஆனால் இங்கே நமக்கு மேலே உட்காருவதே வேலை என்பதால் அது பயன்படாது.

துண்டின் அளவை மாற்றும் ரீஅலாக்கை எப்போதும் புது இடத்துக்கு மாற்றுவதாகவே எழுதவும். ஜிலிப்சி பல சமயம் அதே இடத்திலேயே பெரிதாக்கிவிடுவதால், பழைய பாயிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் கோடு அங்கே மாட்டாது. இங்கே முதல் தொடுதலிலேயே மாட்டும்.

மெமரி இருக்கிறது, ஆனால் இல்லை

பெரிய புரோகிராமில் இதை மாட்டினால் கொஞ்ச நேரத்தில் எம்ப்ரொடெக்ட் ஈநோமெம் (மெமரி இல்லை) பிழை திருப்பும். ரேம் அளவைக் காட்டும் ஷெல்லின் ஃப்ரீ கட்டளையைப் பார்த்தால் ரேம் ஜிபி கணக்கில் சும்மா கிடக்கும். தீர்ந்தது ரேம் அல்ல, விஎம்ஏ. கர்னலின் மேக்ஸ் மேப் கவுன்ட் வரம்பு இயல்பில் 65530. துண்டுக்கு இரண்டு என்றால் 32,765 துண்டு. ஷேர்டு லைப்ரரிகளின் மேப்புகளைக் கழித்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. ஃபெடோரா 39, உபுண்டு 24.04 ஆகியவை இந்த வரம்பை 10,48,576 ஆக உயர்த்திவிட்டன, அதனால் ஒருவர் கணினியில் ஓடுவது இன்னொருவர் சர்வரில் விழும். சிஸ்கன்ட்ரோல் கட்டளையால் விஎம் பிரிவில் உள்ள இந்த எண்ணை உயர்த்தலாம். ரூட் உரிமை வேண்டும், ரீபூட் ஆனால் போய்விடும். நம் அலக்கேட்டர் ஈநோமெம் கண்டதும் நல் திருப்பாமல், "விஎம்ஏ வரம்பு தீர்ந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிற்கட்டும். அந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஜனவரி 2025இல் வந்த 6.13 கர்னல் இந்தத் தொல்லைக்கு நேரடி விடை தருகிறது. மெமரி பற்றிக் கர்னலுக்குச் சொல்லும் எம்அட்வைஸுக்குக் கார்டு இன்ஸ்டால் (எண் 102), கார்டு ரிமூவ் (103) என்று இரண்டு புதிய கட்டளைகள். இவை விஎம்ஏவை உடைப்பதில்லை. பேஜ் டேபிளின் (முகவரியை ரேமோடு இணைக்கும் அட்டவணை) அந்தந்த இடத்தில் ஒரு காவல் குறியை மட்டும் வைக்கின்றன. நிலம் முழுவதையும் படிக்க, எழுத அனுமதியோடு ஒரே விஎம்ஏவாக வாங்கி, துண்டுக்கு அடுத்த பக்கத்தில் ஓர் இன்ஸ்டால், ஃப்ரீயில் தரவுப் பக்கங்கள் மேல் ஓர் இன்ஸ்டால். உள்ளே இருந்த ரேமையும் அதுவே விடுவித்துவிடும். இலட்சம் துண்டானாலும் மேப்ஸ் ஃபைலில் ஒரே வரி.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இந்த முறையில் இன்னும் ஒதுக்காத நிலம் பூட்டில்லாமல் திறந்து கிடக்கும், தாறுமாறான பாயிண்டர் அங்கே தாராளமாக எழுதலாம். 2 எம்பி, அதாவது 512 பக்கமாக முன்கூட்டியே குறி வைத்துக்கொண்டே போய், ஒதுக்கும்போது தரவுப் பக்கத்துக்கு மட்டும் ரிமூவ் செய்தால் அந்த ஓட்டை அடைபடும். மற்றது, பழைய கர்னலில் ஈஇன்வால் வரும். முதல் மாலாக்கில் ஒரு பக்கத்தில் சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் பழைய வழிக்குத் திரும்பும் கிளை ஒன்று வேண்டும். லிப்சி ஹெடர் பழசாக இருந்தால் 102, 103 என்று கையால் எழுதிக்கொள்ளலாம்.

பிடித்ததைச் சொல்ல வைப்பது

செக்மென்டேஷன் ஃபால்ட் என்று மட்டும் சொல்லிச் செத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த ஃபால்ட்டின்போது கர்னல் அனுப்பும் சிக்செக்வி சிக்னலுக்கு ஹேண்ட்லர் வைக்க வேண்டும். சிக்இன்ஃபோ, ஆன்ஸ்டாக் கொடிகள் இரண்டும் தேவை. தனி ஸ்டாக் 64 கேபி எம்மேப்பில் எடுக்கலாம். சிக்ஸ்டாக்சைஸ் மாறிலியை வைத்து அரே அறிவிக்கும் பழைய கோடு ஜிலிப்சி 2.34 முதல் கம்பைல் ஆகாமல் போகலாம், அது இப்போது மாறிலியே அல்ல.

ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப் கூடாது. அது மாலாக்கை அழைக்கலாம், நாமேதான் அந்த மாலாக். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். எண்ணை எழுத்தாக்க பத்து வரியில் ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, ரைட் சிஸ்டம் காலால் நேராக எர்ரர் ஸ்ட்ரீமுக்கு அனுப்பவும்.

எடுக்க வேண்டிய தகவல் மூன்று. ஃபால்ட் ஆன முகவரி, ஹேண்ட்லருக்கு வரும் சிக்னல் தகவலின் எஸ்ஐ அட்ரஸில் இருக்கும். அதைப் பக்க எண்ணாக்கி, பதிவில் அளவு எழுதப்பட்ட பக்கம் கிடைக்கும்வரை பின்னோக்கி நடந்தால் யாருடைய துண்டு, எத்தனை பைட் தாண்டி என்பது வரும். கான்டெக்ஸ்டில் உள்ள ஆர்ஐபி ரிஜிஸ்டர் குற்றம் செய்த இன்ஸ்ட்ரக்ஷனைக் காட்டும். அதே கான்டெக்ஸ்டின் எர்ரர் கோடில் 2இன் பிட் எழுதும் செயலைக் குறிக்கிறது: காவல் பக்கத்தில் 4 என்றால் படித்தார்கள், 6 என்றால் எழுதினார்கள். நம் 104 பைட் உதாரணத்தில் அறிக்கை இப்படி இருக்கும்: "எழுதும் செயல், 104 பைட் துண்டின் முடிவிலிருந்து 0 பைட் தள்ளி, ஒதுக்கியது இந்த முகவரி, எழுதியது இந்த முகவரி." முகவரியை வரி எண்ணாக்க அட்ரஸ்-டு-லைன் கருவி போதும், பை முறையில் (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியபடி) கட்டிய புரோகிராமென்றால் மேப்ஸ் ஃபைலில் உள்ள தொடக்க முகவரியைக் கழித்துக்கொண்டு கொடுக்கவும்.

எஸ்ஐ அட்ரஸ் பூஜ்யமாக வந்தால் உடனே "நல் பாயிண்டர்" என்று எழுதிவிட வேண்டாம். எஸ்ஐ கோடைப் பார்க்கவும். அது 128 என்றால் வந்தது பேஜ் ஃபால்ட்டே அல்ல, பொதுப் பாதுகாப்பு ஃபால்ட். முகவரி என்னவென்று சிபியு சொல்லாததால் கர்னல் பூஜ்யம் போட்டிருக்கிறது. அலைன் ஆகாத மூவாப்ஸ் இப்படித்தான் வரும். கூர்மையான முறையில் ஓட்டும்போது இது வந்தால் குற்றவாளி பெரும்பாலும் நாம்தான். 47 பிட்டுக்குள் அடங்காத குப்பை முகவரியைத் தொட்டாலும் பெரும்பாலும் இதே தோற்றம்.

ஹேண்ட்லர் முடிவில் எக்ஸிட் அழைக்காமல், சிக்னலை இயல்பு நிலைக்கு மாற்றிவிட்டு ரிட்டர்ன் ஆகவும். அதே இன்ஸ்ட்ரக்ஷன் மறுபடி ஓடும், மறுபடி விழும், இந்த முறை கோர் ஃபைல் குற்றம் நடந்த வரியிலேயே பதிவாகும். மாற்றாமல் ரிட்டர்ன் ஆனால் முடிவில்லாமல் அதே அறிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.

தப்புவது எது

கர்னல் வழியாக நடக்கும் மீறலுக்குச் சிக்னல் வராது. 104 பைட் துண்டைக் கொடுத்து ரீட் சிஸ்டம் காலிடம் 4096 பைட் கேட்டால், காவல் பக்கத்தில் முட்டிக்கொள்வது கர்னலின் காப்பி. அது 104 பைட்டோடு நிறுத்தி அந்த எண்ணைத் திருப்பலாம், அல்லது ஈஃபால்ட் (தவறான முகவரி) பிழை கொடுக்கலாம். திரும்பும் மதிப்பைப் பார்க்காத கோடு இரண்டையும் விழுங்கிவிடும். அதனால் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸில் ஒருமுறை ஓட்டி ஈஃபால்ட் வருகிறதா என்று தேடுவதைச் சோதனையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளவும்.

ஸ்ட்ரக்டுக்குள்ளே ஒரு ஃபீல்டிலிருந்து அடுத்த ஃபீல்டுக்கு வழிவதையும், ஸ்டாக்கிலும் குளோபலிலும் உள்ள அரேக்களையும் இது பார்க்காது. இன்டெக்ஸ் ஒரேயடியாகக் காவல் பக்கத்தைத் தாண்டிக் குதித்து இன்னொரு உயிருள்ள துண்டில் இறங்கினாலும் தெரியாது. சந்தேகம் இருந்தால் காவலை ஒரு பக்கத்துக்குப் பதில் 16 பக்கமாக்கலாம்; ரேம் செலவு அதிகரிக்காது, முகவரி மட்டும்தான். சிக்செக்வியைத் தன் வேலைக்கே பயன்படுத்தும் ஜாவா மெய்நிகர் இயந்திரம் போன்றவற்றில் இதை மாட்டவே வேண்டாம்.

செலவு: 24 பைட் துண்டு பத்தாயிரம் என்றால் கேட்டது 240 கேபி, போவது சுமார் 39 எம்பி. ஒவ்வொரு மாலாக்கும் ஒரு சிஸ்டம் கால், முதல் தொடுதலில் ஒரு பேஜ் ஃபால்ட். ஒவ்வொரு ஃப்ரீயும் இன்னொரு சிஸ்டம் கால், பல த்ரெட் ஓடினால் மற்ற கோர்களின் டிஎல்பியை (பேஜ் டேபிளின் விரைவு நகல்) துடைக்கும் செலவும் சேரும். தாங்கவில்லையென்றால் அளவு வரம்பு ஒன்று வைத்துப் பார்க்கவும்: 64 முதல் 128 பைட் வரையுள்ள துண்டுகளுக்கு மட்டும் வேலி, மற்றவை அசல் ஜிலிப்சிக்கு. அசல் மாலாக்கின் முகவரியை, பெயரைக் கொண்டு முகவரி தேடும் டிஎல்சிம்மால் எடுக்கும்போது டிஎல்சிம்மே கேலாக்கை அழைக்கக்கூடும். அந்த ஒரு நொடிக்கு மட்டும் 4 கேபி ஸ்டாட்டிக் பஃபரிலிருந்து கொடுத்து, ஃப்ரீயில் அந்த முகவரி வந்தால் கண்டுகொள்ளாமல் விடவும். வரம்பைப் பாதிப்பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் ஏழெட்டு ஓட்டத்தில் துண்டின் அளவு பிடிபடும்.

ஓட்டுவது எல்டி ப்ரீலோட் (நம் லைப்ரரியை மற்றவற்றுக்கு முன்பே ஏற்றவைக்கும் என்விரான்மென்ட் மாறி) வழியாக. மாலாக், ஃப்ரீ, கேலாக், ரீஅலாக் நான்கோடு அலைன்டு அலாக், போசிக்ஸ் மெம்அலைன், மெம்அலைன், மாலாக் யூசபிள் சைஸ் ஆகியவற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் ஜிலிப்சி கொடுத்த துண்டு நம் ஃப்ரீக்கு வந்து நிற்கும். யூசபிள் சைஸ் கேட்டால் கேட்ட அளவையே சொல்லவும், மேல்நோக்கி முழுமையாக்கிய எண்ணை அல்ல. உபரியையும் சட்டப்படி பயன்படுத்தும் புரோகிராம்கள் உண்டு, 112 என்று சொல்லிவிட்டு 105ஆவது பைட்டுக்குப் பிடிப்பது நியாயமில்லை.

சோதனைக்கு நான்கு சிறு புரோகிராம் போதும்: 26 இன்ட் லூப், ஃப்ரீ செய்த பின் படிப்பது, இரண்டு முறை ஃப்ரீ, 40,000 துண்டை ஒரே நேரத்தில் உயிரோடு வைப்பது. கடைசிச் சோதனை 65530 வரம்புள்ள கணினியில் விஎம்ஏ வரம்பு என்ற வரியோடு நிற்க வேண்டும். காவல் குறி முறையில் சத்தமில்லாமல் முடிய வேண்டும். அப்படி முடிந்ததும் மேப்ஸ் ஃபைலின் வரிகளை எண்ணிப் பாருங்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்தால் எங்கோ இன்னும் எம்ப்ரொடெக்ட் கிளைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.